சி.வி.யின் போர்க்கதையும் பாட்டியின் வில்லுப்பாட்டும்

பாறசாலைக்குத் தெற்கே களியக்காவிளை. அங்கேயே தமிழ்நாடு தொடங்கிவிடும். வடக்கே ஒரு மணி நேரம் பஸ்ஸில் போவதற்குள் நெய்யாற்றின்கரை வந்துவிடும். இந்தச் சின்னத் துண்டு நிலத்தில் பிறந்து, பிழைப்புக்காக வெளியூர் வந்து சேர்ந்த நம்மில் பலருக்கு ஓர் அனுபவம் பொதுவாக இருக்கும். வீட்டில் பேசியது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். சரித்திரமும் அப்படித்தான் நமக்கு இரண்டு வழியாக வந்தது. ஒன்று புஸ்தகம் வழியாக, இன்னொன்று பாட்டு வழியாக.

எங்கள் வீட்டில் புஸ்தகம் பாட்டாவின் கட்சி. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து சி.வி. ராமன்பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா'வை மலையாளத்தில் உரக்க வாசிப்பார். எங்களுக்குப் புரியாத இடங்களில் நிறுத்தித் தமிழில் சொல்லுவார். பாட்டி எழுத்தறியாதவள். ஆனால் அம்மன்கோயில் கொடையில் கேட்ட வில்லுப்பாட்டு அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். பப்புத்தம்பி கெட்டவன் என்று பாட்டா வாசித்துக்கொண்டிருக்கும்போது அடுக்களையிலிருந்து அவள் குரல் வரும்: "அது புஸ்தகத்துல உள்ள கதை மக்களே. தம்பிமாருக்க சங்கடம் எழுதினவருக்கு என்ன தெரியும்?"

அந்தச் சண்டையில் யார் சொன்னது சரி என்று அறுபது வயது தாண்டியும் என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் அது வெறும் வீட்டுச் சண்டை இல்லை என்பது இப்போது புரிகிறது. திருவிதாங்கூரின் போர் வரலாற்றை சாதாரண ஜனங்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்த ஒரு பெரிய எழுத்தாளரையும், அவர் எழுதாமல் விட்டதையும் பற்றிய கேள்வி அது. இந்த மலரில் அதைக் கொஞ்சம் விரித்துப் பேசலாம் என்று தோன்றுகிறது.

யார் இந்த சி.வி.?

சி.வி. ராமன்பிள்ளை 1858 மே 19-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் பிறந்தவர். நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் வேர் கொண்ட குடும்பம். தந்தை சம்ஸ்கிருதம் படித்தவர், அரண்மனையோடு தொடர்புள்ளவர். ஆகவே கொட்டாரத்துப் பழங்கதைகளைக் கேட்டே சி.வி. வளர்ந்தார். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் ஆங்கிலேயப் பேராசிரியர்களிடம் படித்து 1881-இல் பி.ஏ. தேறினார். பிறகு ஹைகோர்ட்டில் உத்தியோகம் பார்த்து, கடைசியில் அரசாங்க அச்சகத்தின் சூப்பரிண்டெண்ட் ஆனார். 1922 மார்ச் 21-ஆம் தேதி காலமானார்.

சட்டப்படி பார்த்தால் அவர் சரித்திர ஆசிரியர் இல்லை, நாவலாசிரியர்தான். திருவிதாங்கூர் சரித்திரத்தை முறையாக எழுதியவர்கள் வேறு. பி. சங்குண்ணி மேனோன் 1878-இல் ஆங்கிலத்தில் திருவிதாங்கூர் வரலாறு எழுதினார். வி. நாகமையா 1906-இல் மூன்று பாகமாக ஸ்டேட் மானுவல் கொண்டுவந்தார். டி.கே. வேலுப்பிள்ளை 1940-இல் நான்கு பாகமாக இன்னொரு மானுவல் எழுதினார். ஆனால் இந்தத் தடித்த புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்? எட்டு வீட்டுப் பிள்ளைமார் என்றால் யார், பப்புத்தம்பி என்ன செய்தான், ராஜா கேசவதாஸ் எப்படி திவானானார் என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிறவனுக்கு அந்த அறிவு வந்தது சி.வி.யிடமிருந்துதான். நாவல் என்பதை மறந்து, நடந்தது இதுதான் என்று நம்பினார்கள். ஒரு நாட்டின் போர்களையும் போர்வீரர்களின் வாழ்க்கையையும் ஜனங்களின் நினைவில் நிறுத்தியவரை மக்கள் வரலாற்றாசிரியர் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

மூன்று நாவல்கள், மூன்று போர்க்காலங்கள்

முதல் நாவல் 'மார்த்தாண்டவர்மா' சென்னையில் அச்சாகி 1891-இல் வெளிவந்தது. மலையாளத்தின் முதல் சரித்திர நாவல் என்று பெயர் பெற்றது. வால்டர் ஸ்காட்டின் ஆங்கில நாவல்களைப் படித்து, அதே மாதிரி நம் நாட்டிலும் எழுத வேண்டும் என்ற ஆசையில் பிறந்த புத்தகம்.

கதையின் காலம் 1720-களின் கடைசி. வேணாட்டு மன்னர் ராமவர்மா நோயில் கிடக்கிறார். மருமக்கள்தாய முறைப்படி பட்டம் மருமகன் மார்த்தாண்டவர்மாவுக்கு. ஆனால் மன்னரின் மகன் பப்புத்தம்பி பட்டத்துக்கு ஆசைப்படுகிறான். எட்டு வீட்டுப் பிள்ளைமார் அவனுக்குத் துணை. இளவரசர் உயிர் தப்பி ஊர் ஊராக ஒளிந்து திரிகிறார். அவரைக் காப்பாற்றுகிற அனந்தபத்மநாபன், தியாகியாகிற சுபத்ரா, பட்டாணி வணிகர் கூட்டத்தில் வளரும் சுலேகா என்று மறக்க முடியாத பாத்திரங்கள். 1729-இல் மார்த்தாண்டவர்மா ஆட்சிக்கு வந்தார் என்பது சரித்திரம். அவர் வந்த பாதை எப்படி இருந்தது என்பது சி.வி.யின் கற்பனை.

இருபது வருஷத்துக்கு மேல் கழித்து 1913-இல் 'தர்மராஜா' வந்தது. மார்த்தாண்டவர்மாவுக்கு அடுத்து 1758 முதல் 1798 வரை ஆண்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் காலம். பிறகு 'ராமராஜபகதூர்' 1918-இல் தொடங்கி இரண்டு பாகமாக வெளிவந்தது. திப்பு சுல்தானின் படையெடுப்புதான் அதன் பின்னணி. 1789 டிசம்பர் கடைசியில் திப்புவின் படை திருவிதாங்கூரின் வடக்கு எல்லையில் இருந்த நெடுங்கோட்டையைத் தாக்கித் தோற்றதும், 1790 ஏப்ரலில் அதை உடைத்துக்கொண்டு உள்ளே வந்ததும், பிறகு திரும்பிப் போக நேர்ந்ததும் சரித்திரத்தில் உள்ளவை.

இந்த இரண்டு நாவல்களையும் சேர்த்துப் படித்தால் அவை ஒரு மனிதரின் வாழ்க்கை வரலாறு போலவும் இருக்கும். அவர்தான் கேசவபிள்ளை, பிற்காலத்தில் ராஜா கேசவதாஸ். விளவங்கோடு வட்டத்துக் குன்னத்தூரில் பிறந்து திவான் பதவி வரை உயர்ந்தவர். நம் பக்கத்துக்காரர். படை நடத்தத் தெரிந்தவர், கணக்குப் பார்க்கத் தெரிந்தவர், ஆலப்புழையைத் துறைமுகமாக வளர்த்தவர். அரசகுலத்தில் பிறக்காத ஒருவரை இவ்வளவு பெரிய வீரநாயகனாக எழுதியது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் இல்லை.

சி.வி.யின் புகழ் புத்தகத்தோடு நிற்கவில்லை. 'மார்த்தாண்டவர்மா' 1933-இல் பேசாப்படமாக வந்தது. தயாரித்தவர் நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ். நாவலின் பதிப்புரிமை வைத்திருந்த கமலாலயம் புத்தக டிப்போ கோர்ட்டுக்குப் போனதால் படம் ஓட முடியாமல் முடங்கியது. இன்று அதன் பிரதி புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

தமிழர் கண்ணில் சி.வி.

இனி கொஞ்சம் மனம் விட்டுப் பேச வேண்டிய இடம். 'மார்த்தாண்டவர்மா' வெளிவந்த அதே 1891-ஆம் வருஷம்தான் மலையாளி மெமோரியல் என்ற மனு மகாராஜாவிடம் கொடுக்கப்பட்டது. 10,028 பேர் கையெழுத்திட்ட மனு. திருவிதாங்கூரின் பெரிய உத்தியோகங்களை எல்லாம் வெளியிலிருந்து வந்த பரதேசிகள், முக்கியமாகத் தமிழ் பிராமணர்கள், பிடித்துக்கொள்கிறார்கள், படித்த சுதேசிகளுக்கு இடமில்லை என்பது அதன் சாரம். அதற்காகப் பின்னணியில் உழைத்தவர்களில் சி.வி.யும் ஒருவர்.

இதை மனதில் வைத்துக்கொண்டு நாவலைத் திறந்தால் ஒன்று கண்ணில் படும். பப்புத்தம்பிக்குத் துர்போதனை செய்கிற வில்லன் சுந்தரய்யன் ஒரு பட்டர். இவன் தமிழ்ப் பிராமணன் என்பதை வாசகன் மறக்காதபடிதான் சி.வி. அவனைப் படைத்திருக்கிறார். இது தற்செயலா, அன்றைய அரசியலா? அரசியலின் வாடை இருக்கிறது என்பது என் எண்ணம். அதே சமயம் 'தர்மராஜா'வில் வருகிற மாமா வெங்கிடன் என்ற பட்டரை அவர் எவ்வளவு பாசத்தோடு எழுதியிருக்கிறார் என்பதையும் சொல்லவேண்டும். சிரிக்க வைக்கிற, விசுவாசமுள்ள, வாசகன் மனதில் ஒட்டிக்கொள்கிற பாத்திரம். ஆகவே சி.வி.யைத் தமிழர் விரோதி என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது நியாயமில்லை. அவர் தன் காலத்து மனிதர், தன் கூட்டத்துக்காக வாதாடிய மனிதர்.

இன்னொரு சர்ச்சையும் உண்டு. அனந்தபத்மநாபன் நாவலில் ஒரு நாயர் பிரபுவின் மகன். 'பிராந்தன் சான்னான்' என்று பைத்தியக்காரப் பனையேறி வேஷத்தில் திரிகிறான். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்து நாடார் மக்களிடம் வேறொரு மரபு நிற்கிறது. மார்த்தாண்டவர்மாவைக் காத்த படைத்தலைவர் கண்ணனூர் அனந்தபத்மநாபன் நாடார், அவர் போட்டது வேஷமில்லை, அவர் பிறப்பே அதுதான் என்பது அந்த மரபு. இதில் எது சரி என்று தீர்ப்பு எழுதுவது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. ஒரு நாவலாசிரியர் ஒரு பாத்திரத்துக்குக் கொடுத்த சாதிகூட நூறு வருஷத்துக்குப் பிறகும் ஊர்களில் வாக்குவாதமாக நிற்கிறதே, அதைப் பார்க்கவேண்டும். சரித்திரத்தை சுவையாக எழுதுகிறவன் கையில் எவ்வளவு பெரிய அதிகாரம் இருக்கிறது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

பாட்டியின் கட்சி

நாஞ்சில் நாட்டிலும் விளவங்கோட்டிலும் பாறசாலைப் பக்கத்திலும் கொடை விழாக்களில் பாடப்பட்ட கதைப்பாடல்கள் பல உண்டு. தமிழும் மலையாளமும் கலந்த நடை. மலையாளத்தார் இவற்றைத் தெக்கன் பாட்டுகள் என்பார்கள். நாகர்கோவிலைச் சேர்ந்த அ.கா. பெருமாள் போன்ற நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் இந்த மரபைத் தேடித் தொகுத்து எழுதியிருக்கிறார்கள்.

அவற்றில் பழமையானது இரவிக்குட்டிப்பிள்ளை போர். 1630-களில் திருமலை நாயக்கரின் மதுரைப் படைக்கும் வேணாட்டுப் படைக்கும் கணியாகுளத்தில் நடந்த சண்டை. வேணாட்டு மந்திரி இரவிக்குட்டிப்பிள்ளை கூட இருந்தவர்களாலேயே கைவிடப்பட்டுக் களத்தில் மாண்டார். எதிரி கொண்டுபோன அவர் தலையை அவருடைய ஆள் காளி நாயர் துணிந்து போய் மீட்டுக்கொண்டு வந்தான் என்று பாட்டு சொல்லும். இந்தப் பாட்டில் எதிரியாக வருகிற மதுரைத் தளபதி ராமப்பய்யன், பாண்டி நாட்டில் 'ராமப்பய்யன் அம்மானை' என்ற பாட்டின் கதாநாயகன்! ஒரு மலைக்கு இந்தப் பக்கம் எதிரி, அந்தப் பக்கம் வீரன்.

அடுத்தது வலியதம்பி குஞ்சுத்தம்பி கதை. தம்பிமார் கதை என்றும் சொல்வதுண்டு. சி.வி. வில்லனாக்கிய அதே பப்புத்தம்பியும் அவன் தம்பி ராமன்தம்பியும்தான் இதன் நாயகர்கள். பாட்டில் சண்டைக்குக் காரணம் பட்டத்தாசை இல்லை, தங்கை. மார்த்தாண்டவர்மா அவர்களுடைய தங்கையைக் கேட்கிறார். அவள் வயிற்றில் பிறக்கும் பிள்ளைக்குப் பட்டம் தருவதாக இருந்தால் தருகிறோம் என்கிறார்கள் அண்ணன்மார். ராஜா மறுக்கிறார். பகை முற்றுகிறது. நாகர்கோவில் கொட்டாரத்தில் தம்பிமார் இருவரும் கொல்லப்படுகிறார்கள். தங்கை உயிரை மாய்த்துக்கொள்கிறாள். பாட்டி இந்த இடத்தைச் சொல்லும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

சங்குண்ணி மேனோன் எழுதிய சரித்திரத்தில் மூன்றாவது ஒரு சித்திரம் இருக்கிறது. தம்பிமார் தங்கள் உரிமையைக் கேட்டுத் திருச்சி நாயக்க அரசிடம் முறையிட, அங்கிருந்து அழகப்ப முதலியார் என்பவர் படையோடு வந்து விசாரித்து, முடிவில் மார்த்தாண்டவர்மாவின் பக்கம் தீர்ப்புச் சொன்னதாக அது கூறுகிறது. ஆக, ஒரே சம்பவத்துக்கு மூன்று வாய்கள்.

எனக்கு நெடுநாள் கழித்துப் புரிந்த ஒரு விஷயம் இதில் உண்டு. மருமக்கள்தாயத்தில் வளர்ந்தவனுக்கு மகன் பட்டம் கேட்பது துரோகம். தகப்பன் சொத்து மகனுக்கு என்று வளர்ந்த நம் வீட்டு ஆட்களுக்கு மகன் கேட்பதில் என்ன தப்பு என்று தோன்றும். சி.வி.யின் வாசகர்கள் முதல் கூட்டம், வில்லுப்பாட்டைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது கூட்டம். வேறு வேறு சட்டத்தில் வாழ்ந்த இரண்டு ஜனங்கள் ஒரே மரணத்தைப் பார்த்தால் ஒருவர் அதைத் தண்டனை என்பார், மற்றவர் கொலை என்பார். பாட்டாவும் பாட்டியும் சண்டை போட்டது இதைத்தான். இருவருக்கும் அது தெரியாது.

எல்லை வந்து பிரித்தது

1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் கேட்டுப் போராடியது, கிடைக்கவில்லை. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றன.

இதனால் சரித்திர நினைவுக்கு வந்த விபரீதத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. சி.வி.யின் கதை நடக்கிற இடங்களில் பல, நாகர்கோவிலும் பத்மநாபபுரமும் பஞ்சவன்காடும், தமிழ்நாட்டில் போய்விட்டன. அந்தக் கதையைப் படிக்கிற வாசகர்கள் கேரளத்தில் தங்கிவிட்டார்கள். பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது, பராமரிப்பது கேரள அரசு. 1741-இல் டச்சுக்காரரை வென்ற குளச்சலும் தமிழ்நாட்டில். அந்தப் போரில் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்டவர்மாவின் படையையே பயிற்றுவித்த டிலனாய் 1777-இல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார். அவர் கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. திருவிதாங்கூர் படைத்தலைவனின் கல்லறையில் தமிழ்! இந்த ராஜ்யத்தின் போர் வரலாறு ஒரே மொழியின் சொத்தாக ஒருநாளும் இருந்ததில்லை என்பதற்கு அந்தக் கல் ஒன்றே போதும்.

எல்லைக்குத் தெற்கே வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாட்டு கொஞ்சம் தெரியும், சி.வி. தெரியாது. வடக்கே வளர்ந்தவர்களுக்கு சி.வி. தெரியும், பாட்டு தெரியாது. இரண்டும் தெரிந்தவர்கள் எங்கே இருந்தார்கள் என்றால் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும், நம்மைப் போன்ற எல்லை ஊர்களில்தான். மலையாளம் வாசிக்கவும் தமிழில் அழவும் தெரிந்த ஜனம் நாம்.

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப்பிலாவு என்று ஒரு பழைய பலா மரத்தின் அடிமரத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். எதிரிகள் துரத்தியபோது மார்த்தாண்டவர்மா அதன் பொந்தில் ஒளிந்து தப்பினார் என்பது ஐதீகம். சின்ன வயசில் பாட்டா என்னை அங்கே கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். "பாத்தியா, இவ்வளவு சின்னப் பொந்துல ஒரு ராஜா" என்றார். வீட்டுக்கு வந்து நான் அதையே பாட்டியிடம் சொன்னேன். அவள் கேட்டாள்: "ஒளிய அந்த ராசாவுக்கு ஒரு மரம் கெடச்சுது. தம்பிமாருக்குக் கெடச்சுதா?"

நம்மால் ஆவது என்ன?

பாட்டாவும் பாட்டியும் போய் வருஷம் பல ஆயிற்று. வில்லுப்பாட்டுப் பாடும் அண்ணாவிமார் ஊரில் குறைந்து வருகிறார்கள். தம்பிமார் கதையை முழுசாகப் பாட ஆள் கிடைப்பது அரிது. சி.வி.யின் பின்னாளைய நடை கடினம். 'தர்மராஜா'வையும் 'ராமராஜபகதூர்'ஐயும் முழுதாகப் படித்த இளைஞர்கள் அந்தப் பக்கமும் சொற்பமே. இப்படியே போனால் நம் பேரப்பிள்ளைகளுக்குப் புஸ்தகமும் இருக்காது, பாட்டும் இருக்காது. யாரோ மூன்றாவது ஆள் சினிமாவாகவோ சீரியலாகவோ எடுத்துக்காட்டுவதுதான் சரித்திரம் என்றாகிவிடும். அப்போது திண்ணையிலிருந்து வாசிக்கவும் ஆள் இல்லை, அடுக்களையிலிருந்து மறுத்துச் சொல்லவும் ஆள் இல்லை.

ஆகவே சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். லீவில் ஊருக்குப் போகும்போது வீட்டில் எழுபது, எண்பது வயசில் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் கேட்ட பாட்டை, தெரிந்த அளவுக்கு, செல்போனிலாவது பதிந்துகொண்டு வாருங்கள். எந்த ஊர், எந்தக் கோயில் கொடை, யார் பாடியது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர்கள் 'மார்த்தாண்டவர்மா'வில் ஓர் அத்தியாயத்தையாவது பிள்ளைகளுக்கு வாசித்துத் தமிழில் சொல்லுங்கள். தெரியாதவர்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கிறது.

சி.வி. பெரிய எழுத்தாளர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் இல்லாவிட்டால் பப்புத்தம்பி என்ற பெயரே பாதி ஜனங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அவரை மட்டும் படித்தால் ஜெயித்தவர்களின் கதை மட்டும்தான் கையில் இருக்கும். பாட்டை மட்டும் கேட்டால் தோற்றவர்களின் கண்ணீர் மட்டும்தான் இருக்கும். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. பாட்டா வாசிப்பார், பாட்டி மறுப்பாள், ராத்திரி இருவரும் ஒரே சட்டியிலிருந்து மரச்சீனிக் கிழங்கும் மீனும் எடுத்துச் சாப்பிடுவார்கள். எல்லைக்காரன் சரித்திரம் படிக்கவேண்டியதும் அப்படித்தான்.